கல்யாணத்துக்குப் பிறகும் அவள் எழுத

உங்கள் தோழிக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். நாகர்கோவில் பெண், ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கல்லூரி நாளிலிருந்து சிறுகதை எழுதினாள், மூன்று கதைகள் அச்சிலும் வந்தன. இப்போது கேட்டால் "இனி எங்கட்டி, பாப்போம்" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். புகுந்த வீட்டார் நல்லவர்கள், எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை. அவளை மறுபடி எழுத வைக்க அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்வதற்கு ஒன்றும் தேட வேண்டாம். அவளிடம் கேளுங்கள். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன். நானும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரிதான். அதனால் அந்த "எங்கட்டி"யில் எவ்வளவு ஆசை ஒளிந்திருக்கிறது என்று எனக்குக் காதில் கேட்கிறது.

இருபத்திரண்டு வருடம் ஒரு மாத இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். தபாலில் வருகிற கதைகளைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் பொறுப்பு. வரிசை எண், தேதி, பெயர், ஊர், தலைப்பு, கடைசிக் கட்டத்தில் எடுத்ததா திருப்பியதா. சில பெயர்கள் மாதம் தவறாமல் வரும். உறையைப் பார்த்ததுமே கையெழுத்தை வைத்து யாரென்று சொல்லிவிடுவேன். அப்படி வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் பெயர் ஒரு தை மாதத்திலோ வைகாசியிலோ நின்றுபோகும். சிலர் ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை இதழின் முகவரிக்கே அனுப்பியிருப்பார்கள். அதுதான் அவர்களிடமிருந்து வந்த கடைசித் தபாலாக இருக்கும். கல்யாணத்தோடு நின்றுபோன ஆண் பெயர் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

1996இல் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று கதைகளில் பஞ்சர் கடை வைத்திருக்கிற ஒரு தாத்தா வந்துகொண்டே இருப்பார். ஒன்றில் மட்டும்தான் அவர் முக்கியம், மற்ற இரண்டில் சும்மா தெருவைக் கடந்து போவார். கல்யாணமானது. ஒன்றரை வருடம் ஒன்றும் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டு முகவரி இருந்தது. ஒரு அஞ்சலட்டை வாங்கி, "உங்கள் கதைகளில் வருகிற பஞ்சர் கடைத் தாத்தா இப்போது எப்படி இருக்கிறார்? கடை நடக்கிறதா?" என்று மட்டும் எழுதி, கீழே இதழின் பெயரைப் போட்டு அனுப்பினேன். கதை அனுப்புங்கள் என்று எழுதவில்லை. அட்டையை அந்த வீட்டில் எல்லோரும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் அட்டையில் எழுதினேன். தங்கள் மருமகளை ஒரு பத்திரிகை ஆபீஸ் தேடுகிறது என்பது அவர்களுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

நாற்பது நாள் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே பால் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஆறு தாள்கள். ஒரு பக்கம் "காலை 1, மாலை ½" என்று தேதி வாரியாகக் கணக்கு, மறுபக்கம் நெருக்கி எழுதிய கதை. கதையில் தாத்தா செத்துப்போயிருந்தார். டியூபை முக்கிப் பார்க்கிற அந்தத் தண்ணீர்த் தொட்டியை யார் எடுத்துக்கொள்வது என்பதுதான் கதை. கடைசித் தாளின் ஓரத்தில், "அவரை யாரும் விசாரிக்கவில்லை. நீங்கள் விசாரித்தீர்கள்" என்று எழுதியிருந்தாள். எங்கள் இதழுக்கு வந்த நல்ல கதைகளில் அது ஒன்று. ஒரு திருத்தமும் இல்லாமல் போட்டோம்.

அன்றிலிருந்து எழுத்தாளர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் ஒன்றைக் கவனிப்பேன். அவர்களுடைய அடுத்த பக்கத்துக்காகக் காத்திருந்தவர் யார்?

வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போகவில்லை. கதை சொல்லத் தெரியும், வரிசையாக உட்கார்ந்து எழுதப் பழகியிருக்கவில்லை. திருவல்லிக்கேணியில் அவர் சொல்லச் சொல்ல எழுதித் தந்தவர் பட்டம்மாள் என்ற தோழி. அப்படித்தான் அவருடைய முதல் நாடகம் 1924இல் அச்சானது. அடுத்த ஆண்டே 'ஜகன்மோகினி' இதழைக் கையில் எடுத்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். கணவர் பார்த்தசாரதி துணை நின்றார், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் முதல் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துவைத்துக்கொண்டு "ம், அப்புறம்?" என்று உட்கார்ந்தது ஒரு தோழி. நீங்கள் உங்கள் தோழிக்கு யாராக இருக்க வேண்டும் என்று கேட்டால் என் பதில் பட்டம்மாள் என்பதுதான்.

துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவின் கதை இன்னும் கடினமானது. பதின்மூன்று வயதில் படிப்பு நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு இரவில் குளியலறையில் ஒளிந்து எழுதினார். அந்தத் தாள்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய அம்மா. சல்மா என்பதே ஊருக்கும் வீட்டுக்கும் தெரியாமலிருக்க வைத்துக்கொண்ட புனைபெயர். 2000இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. அடுத்த ஆண்டு அதே ஊரில் பேரூராட்சித் தலைவரானார்.

யாருமே இல்லாமல் எழுதியவர்களும் உண்டு. வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி பன்னிரண்டு வயதில் கல்யாணமானவர். புத்தகத்திலிருந்து ஒரு ஏட்டை எடுத்து அடுக்களையில் மறைத்துவைத்துக்கொண்டு, அடுப்பு எரிகிற நேரத்தில் தானாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார். 1876இல் தன் வாழ்க்கை வரலாற்றையே எழுதி வெளியிட்டார். நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் ராஸசுந்தரியைக் காட்டி உங்கள் தோழியிடம் "அவராலேயே முடிந்ததே" என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்கு இருந்த உறுதி கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. பட்டம்மாள் கிடைப்பது நம் கையில் இருக்கிறது.

இனி உங்கள் தோழியின் நிலைமைக்கு வருகிறேன்.

கல்யாணமான முதல் வருடத்தில் ஒரு பெண்ணைச் சுற்றி ஓயாமல் கேள்விகள். சமையல் பழகிட்டியா, அத்தை எப்படி, விசேஷம் ஏதாச்சும் உண்டா. அந்த வரிசையில் நீங்களும் போய் "எழுதறியா?" என்று கேட்டால், அது அவள் பதில் சொல்ல முடியாத இன்னொரு கேள்வியாகிவிடும். இல்லை என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் அவளே நம்பிவிடுவாள். "உன் திறமை வீணாகிறது" என்பதும் வேண்டாம். அதைக் கேட்டு யாரும் பேனாவை எடுத்ததாக நான் பார்த்ததில்லை. கேட்டதும் கண் கலங்கும், அவ்வளவுதான்.

நேரம் இல்லை என்று அவள் சொன்னால் நம்புங்கள். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரம். புது மருமகளுக்கு அதோடு விருந்து, மறுவீடு, குலதெய்வக் கோயில், யார் வந்தாலும் காபித் தட்டோடு வெளியே வந்து நிற்பது எல்லாம் சேரும். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி உட்கார்ந்தால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். பாசத்தில்தான் கேட்பார்கள், ஆனால் எழுத்து அறுந்துபோகும்.

ஆகவே இப்போது அவளிடம் முழுக் கதை கேட்காதீர்கள், ஒரு துண்டு கேளுங்கள். கனடாவின் ஆலிஸ் மன்றோ இருபது வயதில் கல்யாணமானவர். பிள்ளைகள் தூங்குகிற இடைவெளியில்தான் எழுதினார். அந்த இடைவெளிக்குள் அடங்கியது சிறுகதைதான். முதல் தொகுப்பு வரும்போது அவருக்கு வயது 37. 2013இல் நோபல் பரிசு கொடுத்ததும் அந்தச் சிறுகதைகளுக்காகத்தான்.

துண்டு என்றால் எவ்வளவு? பத்து வரி. அல்லது மூன்று நிமிடக் குரல் பதிவு. மாடியில் துணி காயப்போடும்போது அவளால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப முடியும். நீங்கள் அதை அப்படியே எழுத்தாக்கித் திருப்பி அனுப்புங்கள். போன் தமிழைக் கேட்டு எழுதிவிடும் என்றாலும் வட்டாரப் பேச்சு வந்தால் தடுமாறும், அவள் தொடுகறியை "வெஞ்சனம்" என்றால் அது என்னத்தையாவது போட்டுவைக்கும். அந்த வேலையை நீங்கள் உங்கள் கையால் செய்தால் நல்லது. அவள் பேசியது எழுத்தாகி, பத்தி பிரித்து, அவள் பெயர் போட்டுத் திரும்பி வரும்போது அவளுக்குள் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

எதைப் பற்றிக் கேட்பது? இங்கேதான் எனக்கு உற்சாகமாக இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து ஈரோட்டுக்குப் போயிருக்கிறாள். தேங்காய் எண்ணெய் மணக்கிற அடுக்களையிலிருந்து கடலை எண்ணெய் மணக்கிற அடுக்களைக்குப் போயிருக்கிறாள். துடைப்பம் நம்மூரில் வாரியல், அங்கே சீமாறு. தீயலும் மீன்குழம்பும் போய் அரிசிம்பருப்பு. "ஏட்டி" என்று கூப்பிட ஆளில்லை, "அம்மிணி" என்று கூப்பிடுகிறார்கள். மஞ்சள் மண்டி, ஜவுளிச் சந்தை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் வந்து விழுகிற அந்த "ங்க". அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. அவளுக்கு இப்போது படுகிறது, இன்னும் ஒன்றரை இரண்டு வருடத்துக்குப் படும். அதற்குப் பிறகு பழகிவிடும். எழுதுகிறவளுக்கு அந்தக் கண் திரும்பக் கிடைக்காது. கதை எழுத முடியாவிட்டாலும் போகிறது, சொற்களையாவது குறித்துவைக்கச் சொல்லுங்கள். யார் எந்தச் சொல்லை எப்போது சொன்னார் என்று ஒரு வரி போதும்.

ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் மின்துறைப் பொறியாளர். அவரோடு நீலகிரியில் வாழ்ந்த காலம்தான் படகர்களின் வாழ்க்கையை வைத்து 'குறிஞ்சித்தேன்' எழுத வைத்தது. பிறகு தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள், மீனவர்கள் என்று அவரே தேடிப் போய்ப் பார்த்து எழுதினார். 1973இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். கல்யாணம் அவரைக் கொண்டுபோய் இறக்கிய ஊரை அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. "பாப்போம்" என்று உங்கள் தோழி மழுப்புவதற்கு உண்மையான காரணம் இதுவாக இருக்கலாம். இப்போது அவள் கண்ணில் படுவதெல்லாம் அந்த வீடு. எழுதினால் மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லாரும் உள்ளே வருவார்கள். அச்சில் வந்தால் "நம்ம வீட்டு விஷயத்தை எழுதிட்டா" என்பார்கள். இந்தப் பயத்தை வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கும். நேரமில்லை என்பது சொல்லச் சுலபம்.

இதற்கு என் அனுபவத்தில் உதவியது ஒன்றே. எழுதுவதையும் வெளியிடுவதையும் இரண்டு தனிக் காரியங்களாகப் பிரித்துவிட வேண்டும். இப்போது எழுதுவது உங்கள் ஒருத்திக்கு மட்டும் என்று அவளுக்கு உறுதி கொடுங்கள், அந்த உறுதியைக் காப்பாற்றுங்கள். நன்றாக இருக்கிறதே என்று இன்னொருத்திக்குக்கூட அனுப்பக் கூடாது. முகநூலில் உடனே போடவும் தூண்டாதீர்கள், அத்தையின் தங்கை மகள் அங்கேதான் இருப்பாள். ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் அதில் வருகிற மாமியார் அவளுடைய மாமியாராக இருக்க மாட்டார். ஊர் மாறியிருக்கும், இரண்டு பேர் ஒருவராகியிருப்பார்கள், நடந்தது பின்னால் போய் அதன் வலியோ சிரிப்போ மட்டும் நிற்கும். அப்போது வெளியிடுவதைப் பற்றிப் பேசலாம்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமானதும் பெண்கள் இனிஷியலை மாற்றுகிறார்கள், சிலர் கணவர் பெயரைப் பின்னால் சேர்க்கிறார்கள். எங்கள் பதிவேட்டில் அப்படி மாறி வந்த பெயர்களைப் புது ஆள் என்று நினைத்துப் பல முறை வரிசையில் கடைசியில் போட்டிருக்கிறோம். மூன்று கதை வெளியான பெயர் அவள் சம்பாதித்தது. ஆதாரில் எப்படி மாற்றினாலும் கதைக்கு மேலே பழைய பெயரையே போடலாம், பெயரை மாற்றியாக வேண்டும் என்று சட்டமும் இல்லை. எழுதிய கதையின் உரிமையும் அவளுடையதே. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு ஏதும் செய்யாமலே, எழுதிய அந்தக் கணத்திலிருந்து அது அவளுக்குச் சொந்தம்.

கணவரிடம் சொல்லியிருக்கிறாளா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் மனைவி எழுதுவாள் என்பதே கணவருக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றுதான் பேச்சு போயிருக்கும். அனுமதி கேட்கிற தொனியில் சொல்ல வேண்டாம். அச்சில் வந்த ஒரு கதையை ஒரு ராத்திரி அவருக்கு வாசித்துக் காட்டட்டும், அவ்வளவு போதும். அந்த இதழ் அவளிடம் இல்லையென்றால் நீங்கள் தேடிப் பிடித்து அனுப்புங்கள்.

அவள் கையில் அந்த இதழ்கள் இருக்காது என்றே நினைக்கிறேன். சீர்வரிசை வண்டியில் குத்துவிளக்கு போயிருக்கும், அண்டா போயிருக்கும், கட்டில் மெத்தை போயிருக்கும். நோட்டுகள் அம்மா வீட்டுப் பரண்மேல் இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. 1989 பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பழைய பேப்பரோடு என் ஒன்பது நோட்டுகளும் எடைக்குப் போயின. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவற்றில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். தகவல் தெரிந்தபோது நான் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். அதில் இருந்த ஒரு கதையின் முதல் வரி மட்டும் இன்றும் நினைவிருக்கிறது, மீதி வரவே இல்லை. நீங்கள் அவள் அம்மா இருக்கிற நாகர்கோவிலில்தானே இருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் அம்மாவைப் போய்ப் பாருங்கள். "அத்தே, அவ நோட்டெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டு, பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்துவிடுங்கள். உள்ளே படிக்காதீர்கள், அவளிடம் கேட்டபிறகு படிக்கலாம். ஆடிக்கு அழைத்து வருவார்கள் அல்லவா, அப்போது அசல் நோட்டுகளை அவள் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

அவள் அனுப்புகிற துண்டுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதும் முக்கியம். "சூப்பர்டி" என்று இதயம் போட்டால் அது அங்கேயே முடிந்துவிடும். எந்த வரியில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். "அந்தப் பாட்டி சாவியை முந்தானையில் முடிஞ்சுக்கிட்டா என்று எழுதியிருக்கியே, எந்த ரூம் சாவி?" என்று கேளுங்கள். அதற்கு அவள் பதில் எழுத உட்காரும்போது அடுத்த பக்கம் ஆரம்பித்திருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில் கேளுங்கள். அவள் அனுப்பாத வாரம் கணக்கு வைக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து அந்த வீடு நல்ல வீடு என்று எடுத்துக்கொண்டே இவ்வளவும் சொன்னேன். போனை யாராவது எடுத்துப் பார்க்கிறார்கள், வெளியே விட மறுக்கிறார்கள், கை நீட்டுகிறார்கள் என்று ஒரு சின்னக் குறிப்பு கிடைத்தாலும் எழுத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிடுங்கள். முதலில் அவள் பத்திரம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவளுக்குத் தெரியப்படுத்துங்கள். நான் அன்று அட்டையில் எழுதியதுபோல எல்லார் கண்ணிலும் படும்படி எதையும் அனுப்பாதீர்கள். அன்று எனக்கு அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நல்லபடியாக முடிந்தது என்றாலும், இன்று நான் அப்படிச் செய்ய மாட்டேன்.

முதல் செய்தியாக என்ன அனுப்புவது என்று யோசிப்பீர்கள். அவளுடைய மூன்று கதைகளில் உங்களுக்குப் பிடித்த ஒரு ஆளோ பொருளோ இருக்குமே, அதை விசாரிப்பது நல்லது. எதுவும் தோன்றவில்லையென்றால் இப்படி எழுதுங்கள்:

"ஏட்டி, அங்க உங்க அத்த வாரியல எங்க சாத்தி வப்பாவ? நம்ம வீட்ல மாதிரி கதவுக்குப் பின்னாலயா? சும்மாதான் கேக்கேன். பத்து வரி எழுதி அனுப்பு, இல்லன்னா பேசி அனுப்பு. நான் எழுதிக்கிடுதேன்."

பதில் வர நாளாகும். வராவிட்டால் பத்து நாள் கழித்து அந்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேளுங்கள்.